நோஞ்சானுக்கு ஒரு கிரேக்கச் சொல்

நவம்பர் 9, 1993. செவ்வாய்

இன்றும் டோனட் எனக்கே.

டாக்டர் ப்ரென்னர் காலைச் சுற்றுக்கு வரும்போது கையில் டோனட் பெட்டியோடுதான் வருவார். ஏதாவது ஒரு படுக்கையருகே நின்று, நாங்கள் நோயாளியைப் பற்றிச் சொன்ன மருத்துவச் சொற்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு 'இன்றைய சொல்!' என்பார். அதன் வேரை முதலில் பிரித்துச் சொல்பவருக்கு டோனட். இன்றைக்கு 'அனீமிக்', இரத்தசோகை. அவர் வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டேன். கிரேக்கத்தில் அன், இல்லை. ஹைமா, இரத்தம்.

மிட்ச் முணுமுணுத்தான். "இது போங்காட்டம். இவ வீட்டுல பேசற பாஷையே இதுதான்."

"வீட்டுல நான் அதுல சாப்பாடு கேட்கவும் திட்டு வாங்கவும்தான் கத்துக்கிட்டேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ப்ரென்னரும் சிரித்தார். அதுதான் எனக்கு வேண்டியது. அடுத்த வருடம் எங்கள் பயிற்சி டாக்டர்களுக்குத் தலைமை ரெசிடென்ட் யார் என்று கிறிஸ்துமஸுக்குள் அவர்தான் சொல்லப்போகிறார். எனக்கு அது வேண்டும். வெளியே சொன்னால் பேராசைக்காரி என்பார்கள், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அம்மா இன்றும் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து 'கரிஃபாலியா இருக்காளா' என்று கேட்டிருக்கிறாள். அப்படி யாரும் இல்லை என்று வைத்துவிட்டார்களாம். அங்கே நான் வெறும் லியா. எத்தனை தடவை சொல்வது?

நவம்பர் 11

ஓய்வு. தூக்கம். துணி துவைத்தேன்.

நவம்பர் 15, திங்கள்

மாலை புதிதாக ஒரு நோயாளி. எடை இழப்பு, சாப்பாடு இறங்கவில்லை. திரைச்சீலையை விலக்கியதும், "அடி என் கண்ணு! கரிஃபாலியா!" என்று ஒரு சத்தம்.

எனக்கு யாரென்றே தெரியவில்லை. குரல்தான் தெரிந்தது. தியா எராஸ்மியா! எங்கள் வீட்டருகே டிட்மார்ஸ் தெருப் பக்கம் பேக்கரி வைத்திருப்பவள். எங்கள் தெருவில் அம்மா வயதுப் பெண்கள் எல்லோருமே எங்களுக்குத் தியாதான், அத்தை முறை. ஆனால் இவள் தனி. சனிக்கிழமை கிரேக்கப் பள்ளி விட்டதும் நேராக இவள் கடைக்குத்தான் ஓடுவோம். வாசலை அடைத்துக்கொண்டு நிற்பாள். வளையல் கையிலேயே புதைந்திருக்கும். அந்தக் கையில் இப்போது வளையல் முழங்கைவரை போய் வருகிறது.

படுக்கையிலும் உதட்டுச் சாயம் போட்டிருந்தாள். "உங்கம்மாகிட்ட மூச்சு விடாதே. கோயில்ல பேச அவளுக்கு வேற விஷயம் இல்லாமலா போச்சு? சரி, நீ ஏன்டி இன்னும் இப்படி ஒட்டடைக் குச்சியாட்டம் இருக்கே? இங்கே சோறு போடறதில்லையா?"

எனக்கு இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். எத்தனை நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று கேட்டேன்.

"அது பெரிய கதை. உன் மாமா பொண்ணு கல்யாணத்துல ஆட்டுக்கறி போட்டாங்களே, அன்னிக்கு..."

"சுருக்கமா சொல்லுங்க தியா."

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். "கொஞ்ச நாளா" என்றாள். 'சில மாதங்கள்' என்று எழுதிக்கொண்டேன். புற்றுக்கட்டியாகத்தான் இருக்கும். வியாழக்கிழமை பேரியம் குடிக்க வைத்து எக்ஸ்ரே.

நவம்பர் 16, செவ்வாய்

எழுதவே கூசுகிறது. எழுதிவிட்டால் கொஞ்சம் குறையுமா? குறையாது. எழுதித் தொலைக்கிறேன்.

சுற்று அவள் படுக்கைக்கு வந்தது. ஆறு வெள்ளைக் கோட்டுகள். தியா எராஸ்மியா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, சாயம் பூசி. பள்ளி ஆண்டு விழாவில் நான் மேடையேறிக் கவிதை சொல்லும்போது முதல் வரிசையில் உட்கார்ந்து எப்படிச் சிரிப்பாளோ அதே சிரிப்பு. நம்ம பொண்ணு பேசப்போகிறது என்று.

நான் பேசினேன். வயது ஐம்பத்தொன்பது, எடை இழப்பு, இன்னது இன்னது. ப்ரென்னர் கேட்டார். "ஒரே வார்த்தையில சொல்லு. நோயாளி பாக்க எப்படி இருக்காங்க?"

"ககெக்டிக்" என்றேன்.

"ஆஹா! இன்றைய சொல். வேர்?"

இந்த இடத்தில்தான் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எனக்கே பொய் சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேன், முடியவில்லை. சிரிப்பு நின்றிருந்தது. நிற்காமல் என்ன செய்யும்? மிட்சுக்கு அது நோயாளிக்குப் புரியாத டாக்டர் பாஷை. எங்கள் தெருவில் அது 'காஹெக்திகி'. நோஞ்சான். ஒல்லிப் பிள்ளைகளைப் பார்த்துக் கிழவிகள் உதடு பிதுக்கிச் சொல்கிற சொல். இந்த வார்டிலேயே அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் இரண்டே பேர், அவளும் நானும். தெரிந்தும், என் வாய் தானாகத் திறந்தது.

"காகோஸ், கெட்டது. எக்ஸிஸ், இருக்கும் நிலை. கெட்டுப்போன உடம்பு."

கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

ப்ரென்னர் படுக்கை நுனியில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கமா? தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். நல்லபடியாகத்தான் கேட்டார்.

"அந்தப் பக்கம் கிரேக்கர்கள் நிறைய பேர், டாக்டர்."

சொன்னேன். நான்தான் சொன்னேன்.

அது போதாதென்று, வாசல் நிலையருகே நின்று அந்த டோனட்டைக் கடித்தேன். தொண்டையில் ரொட்டி இறங்காமல் படுத்திருக்கும் ஒரு பேக்கரிக்காரியின் கண்ணெதிரே. கோட்டில் சர்க்கரை கொட்டியது. தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவள் புறங்கையால் உதட்டுச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சீ.

நவம்பர் 17

போய் "எப்படி இருக்கீங்க தியா" என்றேன். "நல்லா இருக்கேன் டாக்டர்" என்றாள். இங்கிலீஷில்.

அகராதியை எடுத்துப் பார்த்தேன், எதற்கென்று தெரியவில்லை. நான் சொன்ன வேர் சரிதான். ஒரு எழுத்துகூடப் பிசகில்லை. இரண்டாயிரத்து சொச்சம் வருடமாக வைத்தியர்கள் சொல்லிவந்த சொல். சரியாகச் சொன்னேன் என்பதில் இன்னும் கொஞ்சம் கேவலமாக இருக்கிறது.

நவம்பர் 18, வியாழன்

போய்விட்டாள். எக்ஸ்ரே எடுக்க ஆள் வந்தபோது கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாளாம். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வாடகைக் காரில் ஏறிவிட்டாள். நர்ஸ் காரணம் கேட்டதற்கு, "கெட்டுப்போன சரக்கை நான் கடையில வெச்சுக்க மாட்டேன், நீங்க ஏன் வெச்சுக்கறீங்க?" என்றாளாம்.

நர்ஸுக்குப் புரியவில்லை. என்னிடம் வந்து கேட்கிறாள், இதற்கு என்ன அர்த்தம் என்று.

ப்ரென்னர் தோளைக் குலுக்கினார். "பாவம். ஒரு மாசம், ரெண்டு மாசம். வயசு வந்தவங்க, நாம பிடிச்சா வைக்க முடியும்?"

நவம்பர் 20, சனி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நோயாளியைப் பற்றி வெளியே பேசக்கூடாது, தெரியும். இன்னொரு தப்பு, கணக்கில் சேர்ந்துகொள்ளட்டும். டோனட் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "அவ முன்னாடியா? அந்த வார்த்தையா?"

"ஆமாம்மா."

"அவளைத் தெரியாதுன்னு வேற சொன்னியா?"

"தெரியாதுன்னு சொல்லல. அந்தப் பக்கம் நிறைய பேர்னு..."

"வாயை மூடு. உன்னைப் படிக்க வெச்சதுக்கு என்னைச் செருப்பால அடிக்கணும்." கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு திட்டினாள். திட்டோடு திட்டாக ஒன்று சொன்னாள். "அவ தொண்டை இன்னிக்கு நேத்தா படுத்துது? காத்தினா கல்யாணத்துலேயே எழுந்து நின்னு, முதுகை நிமித்தி, தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுத்தானே கறியை உள்ளே தள்ளினா. தண்ணியே நின்னுக்குதுன்னு சிரிச்சாளே."

காத்தினா என் மாமா பெண். அவள் கல்யாணம் நடந்து ஏழு வருடம் ஆகிறது.

ஏழு வருடம்! கட்டி என்றால் ஏழு வருடம் காத்துக்கொண்டிருக்குமா? கட்டி என்றால் முதலில் ரொட்டி அடைக்கும், தண்ணீர் இறங்கும். இரண்டும் ஒன்றாக அடைக்கிறது, அதுவும் வருடக்கணக்கில் என்றால் அது வேறு. உணவுக்குழாயின் அடிவாசல் திறக்க மறுக்கிற நோய். குணப்படுத்தக்கூடியது! அவள் அந்தக் கல்யாணத்தில்தான் கதையை ஆரம்பித்தாள். சுருக்கமாகச் சொல்லச் சொன்னது யார்?

வேரைத் தோண்டத் தெரிந்தது. எத்தனை நாளாக என்று ஒழுங்காகக் கேட்கத் தெரியவில்லை.

அம்மா கடைசியாகக் கேட்டாள். "இந்த வருஷப் புத்தாண்டுக்கு வசிலோபிதாவை யார் வெட்டுவா?" ஒவ்வொரு வருடமும் நாங்கள் அந்தக் கேக்கை எராஸ்மியா வீட்டில்தான் வெட்டுவோம். முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, பிறகு மாதாவுக்கு, வீட்டுக்கு, ஏழைக்கு. அப்புறம் அவள் 'ஸ்த்ராத்திஸுக்கு' என்று ஒரு துண்டு வெட்டி ஜன்னலுக்கு வெளியே புறாவுக்கு வைப்பாள். சின்ன வயதில் நான் ஸ்த்ராத்திஸை ஒரு புனிதர் என்று நினைத்திருந்தேன்.

நவம்பர் 21, ஞாயிறு

பேக்கரிக்குப் போனேன். கல்லாவில் நின்றிருந்தாள். நான் வாய் திறப்பதற்குள், "டாக்டருக்கு என்ன வேணும்?" என்றாள்.

பின்னால் நாலைந்து பேர். எள் பிஸ்கட் கேட்டேன். கட்டிக் கொடுத்தாள். பின்னால் இருந்தவரிடம், "சொல்லு ராசா" என்றாள்.

பையைத் திறக்காமல் அடுக்களையில் வைத்திருக்கிறேன். அம்மாவும் தொடவில்லை.

நவம்பர் 25

நன்றி சொல்லும் நாள். வான்கோழி. பிஸ்கட் பை இன்னும் அப்படியே.

டிசம்பர் 1, புதன்

ப்ரென்னரிடம் ஏழு வருட விஷயத்தைச் சொன்னேன். "நல்ல யோசனை, லியா. அழைச்சுட்டு வா" என்றார். என் மேல் தப்பு என்று நினைக்கவே இல்லை அவர். அந்தச் சொல்லைப் பற்றியும் சொன்னேன், அவளுக்கு அது வலித்தது என்று. "அது வெறும் அடைமொழி. திட்டு இல்லையே" என்றார். இங்கிலீஷில் அது உண்மைதானே.

மூன்று தடவை அவளுக்கு போன் செய்தேன். குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "சூப்பும் இறங்கலடி. ரெண்டு ஸ்பூன் குடிச்சுட்டுப் பாத்ரூமுக்கு ஓடறா" என்றாள். இப்படியே போனால் கிறிஸ்துமஸ் தாண்டுவாளா? தாண்டாவிட்டால் அது கட்டியால் இல்லை. என்னால்.

டிசம்பர் 4, சனி

கடை சாத்துகிற நேரத்தில் பின்வாசல் வழியாகப் போனேன். தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கடை மூடியாச்சு, டாக்டர்."

"நான் டாக்டரா வரல தியா."

"அப்ப யாரா வந்தே? அந்தப் பக்கம் கிரேக்கர்கள் நிறைய பேர்னு சொன்னியே. அதுல ஒருத்தியாவா?"

நான் அழ ஆரம்பித்தேன். வராது என்று நினைத்திருந்தேன், வந்துவிட்டது. மூக்கு ஒழுகியது. அவள் துணி எடுத்துக் கொடுக்கவில்லை. தட்டைக் கழுவி முடித்தாள், கவிழ்த்து வைத்தாள், மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"எனக்கு அப்ப ஏழு வயசு" என்றாள். "எங்க நாட்டுல, பிரேயஸ் துறைமுகத்துல. ஜெர்மன்காரன் வந்த வருஷத்துக் குளிர்காலம், ஊரே பட்டினி. பால் குடுக்கறதுக்குப் பிள்ளைங்களையெல்லாம் வரிசையா நிக்க வெப்பாங்க. கையில பட்டை கட்டின ஒரு ஆள் பாத்துக்கிட்டே வருவான். நோஞ்சானுக்கு மட்டும்தான் பால். என் தலையைத் தொட்டுச் சொன்னான், காஹெக்திகி. பக்கத்துல எங்க அண்ணன் ஸ்த்ராத்திஸ். அவனுக்கு மூஞ்சி, கால் எல்லாம் உப்பியிருந்துது. பசியில உப்பினது. அந்த ஆள் கண்ணுக்குக் கொழுகொழுன்னு தெரிஞ்சிருக்கான். இவன் பரவாயில்லைன்னுட்டுப் போயிட்டான்."

"பாலை அங்கேயே குடிச்சாகணும். வெளியே கொண்டுபோக விடமாட்டாங்க. கடைசி வாயை நான் முழுங்கல. வாயிலேயே வெச்சுக்கிட்டு அவன்கிட்ட ஓடினேன். பாதித் தெரு தாண்டல..." தொண்டையைத் தொட்டுக்கொண்டாள். "முழுங்கிட்டேன். மறுநாளும் அப்படித்தான். அதுக்கடுத்த நாளும் அப்படித்தான். அப்புறம் ஓடறதுக்கு அவன் இல்ல."

தெருவில் பஸ் ஒன்று போனது.

"அதுக்கப்புறம் இந்த உடம்பை நான் பாத்துப் பாத்து வளத்தேன்டி. எவனும் அந்தப் பேச்சை என்னைப் பாத்துப் பேசிடக் கூடாதுன்னு. யாரும் பேசல, இத்தனை வருஷம். நீ பேசினே. கைதட்டலும் வாங்கினே."

மன்னிப்பு கேட்டேன். அந்தச் சொல் எவ்வளவு சின்னதாக இருக்கிறது. அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு தொண்டையைப் பற்றிக் கேட்டேன், எப்போது ஆரம்பித்தது என்று.

"இப்பத்தான் கேக்கறியா?"

"ஆமா. முழுசா சொல்லுங்க."

சொன்னாள். காத்தினா கல்யாணத்துக் கறியில் ஆரம்பித்து, படுத்தால் சாப்பாடு வாய்க்கே திரும்பி வருவது, நின்றுகொண்டே சாப்பிடுவது, விருந்துகளில் பசியில்லை என்று பொய் சொல்வது எல்லாம். நான் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. குணமாகலாம் என்றேன். பலூன் ஒன்றை உள்ளே விட்டு அந்த வாசலை அகலப்படுத்துவார்கள், ஆபரேஷன்கூட இல்லை.

மூட்டையிலிருந்து எழுந்தாள். "வரேன். ஆனா அந்த ஆறு பேர் முன்னாடி நான் யாருன்னு நீ சொல்லணும்."

டிசம்பர் 7, செவ்வாய்

சுற்று. அதே படுக்கை இல்லை, ஜன்னலோரம். உதட்டுச் சாயம் போட்டிருந்தாள். சிரிக்கவில்லை.

நேற்றிலிருந்து மனப்பாடம் செய்துவைத்திருந்தது எல்லாம் பறந்துவிட்டது. ஏதோ உளறினேன். "இவங்க எராஸ்மியா கொண்டிலி. எனக்கு அத்தை மாதிரி. சின்ன வயசுல சனிக்கிழமை தவறாம இவங்க கடையிலதான் சாப்பிட்டேன். காசு வாங்க மாட்டாங்க. அன்னைக்கு இவங்களைத் தெரியும்னு நான் சொல்லல. தெரியும். நான் சொன்ன சொல்லும் இவங்களுக்குப் புரியும்னு தெரியும். தெரிஞ்சே சொன்னேன். ஏழு வருஷமா சாப்பாடு இறங்கல இவங்களுக்கு. நான் சில மாசம்னு எழுதினேன், ஏன்னா கேக்க எனக்கு நேரமில்ல."

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். மிட்ச் காது சிவந்துபோய் நின்றான். காது எனக்கும் எரிந்தது, கழுத்துவரை எரிந்தது. ப்ரென்னர் டோனட் பெட்டியை மூடி, அருகில் இருந்த தள்ளுவண்டியின் கீழ்த்தட்டில் வைத்தார்.

தாழ்வாரத்தில் என்னைத் தனியே நிறுத்தினார். "இது அவசியமா, லியா? நோயாளி எதிர்லயா?"

"தப்பும் அவங்க எதிர்லதான் நடந்தது, டாக்டர்."

அவர் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். கழிப்பறையில் போய் முகம் கழுவினேன். பாரம் இறங்கிவிடும் என்று யார் சொன்னது? இறங்கவில்லை. ஆறு பேருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

டிசம்பர் 9

பேரியம் எக்ஸ்ரே. கட்டி இல்லை. கட்டி இல்லை! குழாய் மேலே பையாட்டம் ஊதியிருக்கிறது, அடியில் பறவை மூக்காட்டம் குவிந்திருக்கிறது. படத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த நோய்க்கும் ஒரு கிரேக்கப் பெயர் இருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை. "கதவு துருப்பிடிச்சிருக்கு தியா, திறந்துடலாம்" என்றேன்.

"சரி டாக்டர்" என்றாள்.

டிசம்பர் 13

பலூன் வேலை முடிந்தது. வலித்திருக்கிறது, சத்தமே போடவில்லையாம்.

டிசம்பர் 21

தலைமை ரெசிடென்ட் மிட்ச். கைகொடுத்தேன். வயிற்றெரிச்சல் இல்லை என்று எழுத ஆசை. இருக்கிறது.

ப்ரென்னர் இப்போதெல்லாம் 'இன்றைய சொல்'லைத் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்கிறார், கதவைச் சாத்திவிட்டு. நான் பதில் சொல்வதில்லை.

ஜனவரி 1, 1994. சனி

அம்மா போகலாம் என்றாள். எனக்குக் கால் வரவில்லை. "நீ வரலைன்னா நான் உன்னைத் தூக்கிட்டா போக முடியும்? கிளம்புடி" என்றாள்.

எராஸ்மியா வீட்டில் எப்போதும் வருகிற ஆட்கள்தான். அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. வசிலோபிதாவை அவளே செய்திருந்தாள். கத்தியை எடுத்துச் சிலுவை போட்டுவிட்டு வெட்டினாள். கிறிஸ்துவுக்கு. மாதாவுக்கு. வீட்டுக்கு. ஏழைக்கு.

"ஸ்த்ராத்திஸுக்கு."

யாரோ எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்கள், புறாவுக்கு வைக்க. "மூடு, குளிருது" என்றாள். அந்தத் துண்டைத் தன் தட்டில் வைத்தாள். உட்கார்ந்தாள். எழுந்து நிற்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு மென்றாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கிடுச்சு" என்றாள். இன்னொரு விள்ளல் எடுத்தாள். துண்டு முழுவதையும் சாப்பிட்டு முடிக்கும்வரை யாருக்கும் அடுத்த துண்டு வெட்டவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. விரலால் தட்டில் இருந்த தூளைக்கூடத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பிறகு கத்தியை எடுத்தாள். வயதுப்படி வரிசையாக அம்மாவுக்கு, காத்தினாவுக்கு, காத்தினா கணவனுக்கு. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். என் முறை வந்தது. பெரிய துண்டாகத்தான் வெட்டினாள், மற்ற எல்லோருடையதையும்விடப் பெரியது.

"இது டாக்டருக்கு" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் கடைசித் தூள்வரை சாப்பிட்டு முடித்தேன்.